நீரில் பிறக்கும் கல்

நுழையும்முன்

கல் மண்ணில் மட்டுமன்று, நீரிலும் பிறக்கிறது. நீரில் கண்ணுக்குப் புலனாகாமல் கரைந்திருக்கும் அயனிகளே அக்கல்லின் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்து வீடுகளின் வெந்நீர்ப் பாத்திரங்களில் வெண்மையான படிவு ஒட்டியிருப்பதைக் காணலாம். ‘உப்புப் படிந்துவிட்டது’ என்பது மக்கள் வழக்கு. சோற்றுப்பு நீரிலேயே கரைந்துவிடும். இப்படிவோ புளிக்கரைசலுக்கே இளகும். ஏனெனில், இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணப்பொருளாகும்.

கரைதலும் படிதலும்

மண்ணுள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டைஆக்சைடை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது பாறைகளைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் அயனிகளைச் சுமந்து கடினநீராகிறது. அந்நீரைக் கொதிக்க வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. பைகார்பனேட்டின் ஒரு பகுதி கார்பனேட்டாக மாறிக் கால்சியத்துடன் இணைந்து படிகிறது. வெயிலில் மண்ணின் ஈரம் வற்றும்போதும் இவ்வாறே படிவு தோன்றும். உழவர்கள் நிலத்தில் காணும் சுக்கான்கல் அத்தகையது.

அயனிகளின் ஆட்சி

கால்சியம் கார்பனேட், அணுக்களின் அடுக்குமுறைக்கேற்பக் கால்சைட் எனவும் அரகோனைட் எனவும் படிகமாகும். இவற்றுள் கால்சைட்டே நிலைப்புமிக்கது. ஆயினும், மெக்னீசியம் மிகுந்த நீரில் அதன் வளர்ச்சி தடைபடுகிறது. மெக்னீசியம் அயனி கால்சியத்தைவிடச் சிறியது. தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்வது. அதனால் கால்சைட் படிகத்தில் எளிதில் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் படிகத்தின் கரைதிறனைக் கூட்டிவிடுகிறது. அரகோனைட்டினுள் அது நுழைவது அரிதாதலால் அதன் வளர்ச்சி பெரிதும் தடைபடுவதில்லை. கடல்நீரில் ஒரு கால்சியம் அயனிக்கு ஏறத்தாழ 5 மெக்னீசியம் அயனிகள் உள்ளன. அங்கு உயிரிகளின் துணையின்றித் தோன்றும் படிவுகளில் அரகோனைட் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். பாஸ்பேட் அயனியும் படிகம் வளரும் இடங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கும். ஆலைகளின் நீர்க்குழாய்களில் படிவைத் தடுக்கப் பாஸ்பேட் சேர்மங்கள் பயன்படுவது இப்பண்பினாலேயே.

கடல் தரும் எச்சரிக்கை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து வாழும் பவள உயிரிகள் தம் கூட்டை அரகோனைட்டால் கட்டுகின்றன. அத்தீவுகள் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எனினும், எல்லைக்கோடு நீரின் வேதியியலைக் காக்க இயலாது. மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஒரு பகுதி கடலில் கரைந்து, கார்பனேட் அயனிகளைக் குறைக்கிறது. கால்சைட்டைவிட எளிதில் கரையும் அரகோனைட்டைக் கொண்டு கூடு கட்டுவது அதனால் கடினமாகிறது. பவளத்திட்டுகள் நலிந்தால் மீன்வளம் குன்றும். மீனவர் வாழ்வும் தளரும்.

பாத்திரத்தில் நாம் சுரண்டி எறியும் சுண்ணமே கடலில் எண்ணற்ற உயிர்களுக்கு வீடாகிறது.