விழுப்புரத்தில் வெள்ளம்... திண்டிவனத்தில் பேக்கப் இருந்தால் போதுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், டிசம்பர் 2-ம் தேதி ரயில்கள் நிறுத்தப்பட்டன.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பத்திரம், நகை, சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றிவிடுவோம். ஆனால், டேபிளுக்குக் கீழே இருக்கும் சிபியு? வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும், கடையில் டேலி போட்டு கணக்கு எழுதுபவருக்கும் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை. மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலோ, பாதியில் நின்ற ஒரு அப்டேட்டோ போதும், கணினி மறுபடி எழுந்திருக்காது.

ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் கிளவுடில் இருக்கே, போதாதா?

போதாது. கணினியை ஆன் செய்ததும் விண்டோஸ் எந்த டிஸ்க்கிலிருந்து எழுகிறதோ, அதுதான் பூட் டிஸ்க். உங்கள் மென்பொருள்கள், லைசென்ஸ், பிரின்டர் டிரைவர், ஆபீஸ் விபிஎன் செட்டிங் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கிளவுடில் ஃபைல் மட்டும் இருந்தால், மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவ ரெண்டு நாள் போய்விடும்.

சரி, சி டிரைவை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்தால்? அதுவும் வேலைக்கு ஆகாது. கணினியை எழுப்பும் ஃபைல்கள் 'இஎஃப்ஐ' என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. அது சாதாரணமாக நம் கண்ணுக்கே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் ஃபைல்கள் பலவும் காப்பி ஆகாது.

தேவை ரெண்டு விஷயம்

முதலாவது, ரெக்கவரி டிரைவ். கணினி எழாதபோது அதை எழுப்பிப் பழுது பார்க்க உதவும் பென் டிரைவ் இது. இதில் உங்கள் ஃபைல்களோ, நீங்கள் நிறுவிய மென்பொருள்களோ இருக்காது.

இரண்டாவது, சிஸ்டம் இமேஜ். பூட் டிஸ்க் முழுவதையும், மறைந்திருக்கும் பகுதிகளோடு சேர்த்து எடுக்கும் நகல். பலரும் இமேஜை எடுத்துவிட்டு ரெக்கவரி டிரைவை மறந்துவிடுகிறார்கள். பீரோ பத்திரமாக இருக்கும், சாவிதான் இருக்காது!

எப்படிச் செய்வது?

* 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவைச் செருகுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

* விண்டோஸ் தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்ற கேள்விக்கு டிக் அடித்துத் தொடருங்கள்.

* அடுத்து, வெளிப்புற ஹார்டு டிஸ்க்கைச் செருகுங்கள். கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' பகுதிக்குப் போய், 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' கொடுங்கள். பெயரில் 7 இருந்தாலும் விண்டோஸ் 10, 11-லும் இந்த வசதி உண்டு. இமேஜை வைக்க இது பென் டிரைவை ஏற்காது.

* லினக்ஸ் பயனர்களுக்கு 'குளோன்ஜில்லா' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் டிஸ்க்கையும் இது நகலெடுக்கும்.

திரும்ப ஏற்றும்போது, புது டிஸ்க் பழையதின் அளவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். அதில் உள்ளவை அழிந்து, இமேஜ் எடுத்த நாளின் நிலை திரும்ப வரும். அதற்குப் பிறகு செய்த வேலை அதில் இருக்காது. அதனால், தினசரி ஃபைல் பேக்கப்பையும் விட்டுவிடக் கூடாது.

48 இலக்க எண் எங்கே?

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் அப்டேட் கோளாறால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. யுஎஸ்பி மூலம் சரிசெய்யும் கருவியை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆனாலும், 'பிட்லாக்கர்' பூட்டு போடப்பட்டிருந்த கணினிகளுக்கு அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணும் தேவைப்பட்டது.

புது லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலேயே போடப்பட்டிருக்கிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பாருங்கள். தாளில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

எங்கே வைப்பது?

பேக்கப்பில் '3-2-1' என்றொரு விதி உண்டு. 3 நகல்கள், 2 வகைச் சாதனங்கள், 1 நகல் வேறு ஊரில். 'திண்டிவனத்தில் அக்கா வீடு இருக்கு, அங்கே வெச்சுடலாம்' என்று விழுப்புரத்துக்காரர் நினைக்கலாம். திருட்டு, தீ விபத்துக்கு அது சரி. ஆனால், ஃபெஞ்சல் அன்று சுமார் 40 கி.மீ. இடைவெளியில் உள்ள இந்த ரெண்டு ஊரையும் ஒரே மழை அடித்தது. 'வேறு ஊர்' என்றால், அதே புயல் எட்டாத ஊராக இருக்க வேண்டும். அது முடியாவிட்டால், ஹார்டு டிஸ்க்கை மாடியில் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து, முக்கிய ஃபைல்களைக் கிளவுடிலும் ஏற்றிவிடுங்கள். டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைக்க வேண்டாம். ரேன்சம்வேர் வந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

இன்றே ஒரு சோதனை

ரெக்கவரி டிரைவைச் செருகி, கணினியை அணைத்து மீண்டும் ஆன் செய்யுங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப் 12, ஹெச்பி என்றால் எஃப் 9 விசையை விட்டுவிட்டு அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நீலநிற மெனு வந்தால் உங்கள் டிரைவ் வேலை செய்கிறது. எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக மொபைல் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் வாங்கக் காசு ஆகும்தான். ஆனால், கணினி எழாத திங்கட்கிழமை காலையில், அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.