அசோகர் தூணும் அட்வான்ஸ் தொகையும்

நூறடி ரோட்டோரம் நான்கு சிங்கங்களைத் தலையில் தாங்கி நிற்கிறது ஒரு தூண். அதனால்தான் அந்தப் பகுதிக்கு அசோக் நகர் என்று பெயர். அந்த அசோகன் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே பாறையில் வெட்டிவைத்த ஏழாம் கட்டளை என்ன சொல்கிறது? எச்சமயத்தாரும் என் நாட்டில் எங்கும் குடியிருக்கலாம் என்கிறது! பேரரசன் சொன்னான், பாறை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ளவில்லை!

தூணுக்குப் பின்னே உள்ள அவென்யூக்களில் 'டூ-லெட்' பலகை பார்த்துப் படியேறும் தோழரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? "நீங்க என்ன ஆளுங்க?" அடுத்தது, "கவிச்சி சமைப்பீங்களா?" சிலருக்குப் பெயரைச் சொன்னாலே போதும், "வீடு முடிஞ்சுபோச்சு" என்று பதில் வந்துவிடும். பலகை மட்டும் அடுத்த வாரமும் தொங்கும். எல்லா வீட்டுக்காரரும் இப்படியல்லர். மாடி வாடகையை நம்பியே மருந்து வாங்கும் முதியவர்களும் அங்கே உண்டு. நாம் சொல்வது அவர்களை அல்ல.

அசோக் நகர் தானாக முளைத்த ஊரா? இல்லை. 1920இல் வந்த நகரமைப்புச் சட்டத்தைக் கொண்டு நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. 1947இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு வந்தது. 1961இல் அது வீட்டுவசதி வாரியமாயிற்று. 1964இல் அசோக் நகர் எழுந்தது. திட்டம் பொதுத்திட்டம்! நேரான வீதியும் குடிநீர்க் குழாயும் பள்ளியும் பொதுப்பணம்! 2015இல் வந்த மெட்ரோ நிலையமும் பொதுப்பணம்! மனையின் விலை ஏறியது, வாடகையும் கூடவே ஏறியது. ஏற்றியது ஊர்ப்பணம், அந்த ஏற்றம் போய்ச் சேர்ந்தது யார் பெட்டிக்கு? அவென்யூவைக் கூட்டும் தொழிலாளியும், அங்கே ஆட்டோ ஓட்டும் தோழரும், வடபழனி ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்தவரும் தந்த வரியும் அதிலே இருக்கிறதே!

உலகம் இதற்கு வழி காணாமல் இல்லை. 1903இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகர் எழுந்தபோது, நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்றார் எபினீசர் ஹோவர்டு. வியன்னா மாநகராட்சி 1923இல் வீட்டு வரி போட்டது. மாளிகைக்குப் பெரிய வரி, சிறு வீட்டுக்குச் சிறு வரி. 1934க்குள் 60,000க்கு மேல் வீடுகள் கட்டி உழைப்பாளிகளுக்கு வாடகைக்குத் தந்தது. இன்றும் அந்த மாநகராட்சி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விடுகிறது. அங்கே வீட்டுக்காரர் ஊர்தான்!

இங்கே? 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. அதனால் சில வீடுகள் பூட்டிக் கிடந்ததும் உண்மைதான். 2017இல் இயற்றி 2019இல் நடப்புக்கு வந்த புதிய சட்டமோ, இருவரும் பேசிக்கொண்டதே வாடகை என்றது. மதம் கேட்டு வீடு மறுக்காதே என்று அதில் ஒரு வரி இல்லை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று மட்டும் சொல்லியது. மகிழாதீர், தோழர்களே! வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று அதன் பக்கத்திலேயே ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது!

பத்து மாத முன்பணம் சென்னையின் பழைய பழக்கம். வாடகை 15,000 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம். சட்டத்தின் மூன்று மாதக் கணக்கில் 45,000. மிச்சம் 1,05,000 ரூபாயை உழைப்பாளி எங்கே புரட்டுவார்? மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். வட்டி இவருக்கு, முதல் வீட்டுக்காரருக்கு!

ஆகவே கையெழுத்திடுமுன் ஒப்பந்தத் தாளைப் படியுங்கள். முன்பணம் எத்தனை மாதம் என்ற வரியில்தான் அந்தக் கதவு இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற்ற எவருக்கும் உரிமையில்லை. காலி செய்தால் ஒரு மாதத்திற்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு இதைப் படித்துச் சொல்வதும் கட்சி வேலைதான்.

பழைய வாரியக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு உயர்ந்த அடுக்குகள் எழும் காலம் இது. ஊர் நிலத்தில் எழும் அந்த மாடிகளில், உழைப்பாளிக்கு வாடகைக்கென்று, மதமும் சாதியும் கேட்காமல், மூன்று மாத முன்பணத்தில் தரப்போவது எத்தனை வீடு? வாரியம் எண்ணைச் சொல்லட்டும்!