உங்களுக்குத் தெரியுமா? கூரை திறந்த காரில் திருகோணமலை

திறந்த காரில் காற்று முன்னாலிருந்து முகத்தில் அடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் முடி பறப்பது முன்பக்கமாக! முன்கண்ணாடி காற்றை மேலே தூக்கி எறிந்துவிடுகிறது. அதனால் நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. மேலே போன காற்று பின் இருக்கைப் பக்கமாக இறங்கி, அந்தக் குறையை நிரப்ப முன்னோக்கி ஓடி வருகிறது. கூரையைத் திறந்தாலும் பக்கக் கண்ணாடிகளை ஏற்றி வைத்தால் இந்தச் சுழற்காற்று நன்றாக அடங்கும். சில கார்களில் இருக்கைக்குப் பின்னால் ஒரு வலைத்தடுப்பு நிற்பதும் இதற்காகத்தான். உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வழியில் மணலும் சேர்ந்து பறக்கும். கண்ணாடியை ஏற்றுவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

◆

ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும், ஆண்டுக்கு இரண்டு முறை, நண்பகல் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நாட்களில் கூரை இல்லாத காருக்குள் ஒரு விரல் நிழல்கூடக் கிடைக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்றோ வெப்பத்தைக் கூடவே கொண்டுவரும். உட்துறைமுக வீதியில் கூரையை மடித்துவிட்டு ஓட விரும்புகிறவருக்குக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னுமே உகந்த நேரம். தொப்பி, குளிர்கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல் மூன்றும் அவசியம். பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால் மத்தியானத்தில் கூரை மூடியே இருக்கட்டும்.

◆

முதலில் வந்த கார்கள் பெரும்பாலும் கூரை இல்லாதவையே. ஓட்டுபவர் தூசுக் கண்ணாடியும் நீண்ட மேலங்கியும் அணிந்தது நாகரிகத்துக்காக அல்ல, புழுதிக்காக. 1920களில் மூடிய கார்களின் விலை இறங்கிய பிறகுதான் திறந்த கார் ஓர் ஆடம்பரமாக மாறியது.

◆

நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டெம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் திறந்த கார் ஒன்றில் ஏறினார். கழுத்தில் கிடந்த நீண்ட பட்டுச் சால்வை சக்கரத்தில் சிக்கி இறுகியது. அங்கேயே உயிர் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சிக்கிய கதைகளை நாமும் எத்தனையோ கேட்டிருக்கிறோம். தலைப்பை ஊசி குத்தி, மடித்து, ஆசனப் பட்டிக்குள் அடக்கிக் கொள்ளுங்கள். பறக்கும் முந்தானை படத்தில்தான் அழகு.

◆

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் ஓட்டிய ஜீப்பின் முன்கண்ணாடியை முன்னால் மடித்து பொனற்றின் மேல் படுக்க வைக்கலாம். கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை என்றானபோது புதிய ஆபத்து ஒன்று வந்தது. ஐரோப்பாவில் எதிரிப் படையினர் வீதிக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கம்பி கட்டி வைத்தார்கள். அதை வெட்டுவதற்காகவே பல ஜீப்புகளின் முன்னால் செங்குத்தான இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கிய திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் அந்தக் காலத்தில் இப்படித் திறந்த படை வாகனங்கள் ஓடிய இடங்களே. பிரித்தானியக் கடற்படை தன் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957இல்.

◆

தமிழர் நாம் திறந்த காருக்கென்று தனி ஒழுங்கே வைத்திருந்தோம். தமிழ்நாட்டின் ஜானவாசத்தைச் சொல்கிறேன். திருமணத்துக்கு முந்தின மாலை, கோயிலில் கும்பிட்ட பின் மாப்பிள்ளையைப் பூ அலங்காரம் செய்த திறந்த காரில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். வேட்டி கட்ட வேண்டிய மாப்பிள்ளை அன்று மட்டும் கோட்டும் சூட்டும் போட்டிருப்பார். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், இரு பக்கமும் தலையில் பெற்றோமாக்ஸ் விளக்குச் சுமந்தவர்கள். காரின் வேகத்தை முடிவு செய்வது சாரதி அல்ல, நாதஸ்வரக்காரர்! அவர் ஒரு சந்தியில் நின்று கீர்த்தனையை விரித்தால் காரும் நிற்க வேண்டும். இரு வீட்டுப் பிள்ளைகளும் காரில் ஏறிக் கொள்வார்கள், அவர்களை இறக்கிவிடுவது வழக்கமில்லை. நடைவேகத்தில் ஊரும்போது ரேடியேற்றருக்குப் போதிய காற்றுக் கிடைக்காது. எஞ்சின் சூடேறாமல் பார்ப்பதுதான் சாரதியின் பெரிய கவலை. ஊர் முழுக்க மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், குறை ஏதும் இருந்தால் தாலி கட்டுமுன் சொல்லிவிட வேண்டும் என்பதே அந்தத் திறந்த காருக்கான காரணம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு தோழனையும் கூட்டிக்கொண்டு காரில் வருகிறார். தலைப்பாகை கூரையில் முட்டாமல் குனிந்து ஏறி இறங்கும் சிரமத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு திறந்த கார் இருந்தால் எவ்வளவு வசதி என்று தோன்றும்.

◆

கூரையோடு சேர்ந்து உங்களுக்கும் வீதிக்கும் நடுவில் இருந்த சுவரும் போய்விடுகிறது. நீங்கள் கேட்கும் பாட்டு இனி ஊர் கேட்கும் பாட்டு. கோயில் வாசல், பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி வரும்போது சத்தத்தைக் குறைத்தால் போதாது, நிறுத்துங்கள். வீதியோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அந்த வழியில் ஒரு செத்த வீடு இருக்கிறது. பிரேத ஊர்வலம் எதிரே வந்தால் காரை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றுங்கள். மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் வீட்டு வாசல்களில் நிறைகுடம் இருக்கும். அந்த ஒழுங்கைகளில் கார் காத்து நிற்பதே முறை.

வழி கேட்பதற்கும் ஒரு பண்பு உண்டு. எஞ்சினை நிறுத்தி, குளிர்கண்ணாடியைக் கழற்றி, “அண்ணை, கன்னியாவுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் வழியும் சொல்வார், வெந்நீரூற்றில் எந்த நேரம் கூட்டம் குறைவு என்பதையும் சொல்வார். மூடிய காரின் கண்ணாடியை அரைவாசி இறக்கிக் கேட்பவருக்கு இது கிடைப்பதில்லை. சிறுவர்கள் கை காட்டினால் திருப்பிக் காட்டாமல் போகாதீர்கள்.

◆

பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன; நகருக்குள்ளும் வரும். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது ஹோர்ன் அடித்து அவற்றை விரட்டாதீர்கள், மிரண்ட மான் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. திறந்த காரின் இருக்கையில் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு அர்ச்சனைக்குப் போனால், திரும்பி வரும்போது சீப்பு இருக்காது.

◆

2009 ஒக்டோபரில் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன் படகுப்பாதையில்தான் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் பக்கக் காற்று பலமாக இருக்கும். தொப்பியையும் கையில் கிடக்கும் தாளையும் முன்கூட்டியே பத்திரப்படுத்துங்கள். படம் எடுக்க விருப்பமென்றால் பாலம் முடிந்த பிறகு இறங்கி நடந்து வாருங்கள்.

◆

2015 ஜனவரி 13 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கு, பக்கங்கள் திறந்த வாகனத்தில், கொதிக்கும் வெயிலில், சுமார் 28 கிலோமீற்றர் வந்தார். வழியெல்லாம் மக்கள். ஊர்ந்து வந்த பயணம் நேரத்தை விழுங்கிவிட, அன்று ஆயர்களோடு நடக்கவிருந்த சந்திப்பையே கைவிட நேர்ந்தது. அவருக்கு அப்போது வயது 78.

◆

பின் இருக்கையின் முதுகில் ஏறி அமர்ந்து கை அசைப்பது ஊர்வலத்தில் மட்டுமே, அதுவும் நடைவேகத்தில். ஓடும் காரில் அப்படி இருப்பவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. கூரைத் துளை வழியே பிள்ளைகளை எழுந்து நிற்கவிடும் பெற்றோரை இப்போது கடற்கரை வீதியில் அடிக்கடி காண்கிறேன், நெஞ்சு பதறுகிறது. ஒரு நாய் குறுக்கே ஓடினால் போதும். தயவு செய்து இருத்தி, பட்டி போட்டுவிடுங்கள்.

◆

ஓடிக்கொண்டிருக்கும் திறந்த காருக்குள் தூறல் விழாமல் போகலாம்; முன்கண்ணாடி தூக்கும் காற்று துளிகளையும் மேலால் கொண்டுபோய்விடும். சந்தியில் நின்றதும் நனைவீர்கள். வாடைக் காலத்தில் துணிக்கூரை நனைந்தால் ஈரத்தோடு மடிக்கவே கூடாது. மடிப்புக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அந்த வாடை காரை விட்டுப் போகாது. விரித்து, உலர்த்தி, அதன் பின் மடியுங்கள். கடலோரம் ஓடி வந்த நாளில் கூரைச் சட்டத்தின் கீல்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதும் முக்கியம். உப்பு முதலில் தின்பது அவற்றைத்தான்.

◆

இலங்கையர் மனதுக்கு நெருக்கமான மொறிஸ் மைனருக்கும் கூரை மடியும் வகை உண்டு. 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் திறந்த வகையை 1969 வரை செய்தார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைக் காப்பாற்றியவர்கள் நம் கராஜ் பாஸ்மார். நிறுத்தியிருக்கும் இப்படி ஒரு காரைக் கண்டால் ஆசையாகப் பாருங்கள். கதவில் சாயவும் உள்ளே கைவிடவும் வேண்டாம். உரிமையாளரிடம் கேட்டால் அவரே ஏற்றி அமர வைப்பார்.

◆

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகப் போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் கூரையை மூடிவிட வேண்டும். அது காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி. யானையைக் கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள், ஹோர்ன் வேண்டாம், பழம் நீட்டவே வேண்டாம். தின்னக் கிடைக்கும் என்று பழகிய யானை அடுத்த வாகனத்தை மறிக்கும். அது காட்டுக்குள் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பொறுங்கள். பின்னால் குட்டியோடு இன்னொன்று வரக்கூடும்.