உப்பளத்துப் பாத்தியும் விளையாட்டுப் பெட்டியின் தட்டும்

மாணவர்களே, மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றவர்கள் அங்குள்ள உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிந்ததும் தொழிலாளர்கள் மண்ணை மிதித்துச் சமன் செய்வார்கள். வரப்பு கட்டிப் பாத்தி பிரிப்பார்கள். அதன் பிறகே உப்பு விளையும். கணிப்பொறிக்காரர்கள் வன்தட்டை 'ஃபார்மட்' செய்வதும் ஏறக்குறைய இத்தகைய வேலைதான். எந்தச் செய்தி எந்தப் பாத்தியில் இருக்கிறது என்ற கணக்கும் அந்தத் தட்டிலேயே எழுதப்படும்.

வீடியோ விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் இத்தகைய தட்டு உண்டு. பல மாதம் ஆடிச் சேர்த்த ஆட்டங்கள் அதில் இருக்கும். கடலோர ஊரில் அதற்குத் தனி ஆபத்து ஒன்றும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடற்காற்றில் வரும் உப்புத்தூள் மின்சுற்றுப் பலகையில் படிந்தால் இதேபோல் உப்புநீர்ப் படலமாகி, செம்பு இணைப்புகளை அரிக்கும். ஆகவே, தட்டு பழுதாகும் முன்பே அதை வேறொரு தட்டில் படியெடுத்துக்கொள்வது நல்லது.

ஆனால், எப்படிப் படியெடுப்பது? 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸும் 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-உம் 'ஃபேட்-எக்ஸ்' என்ற தனிமுறையில் பாத்தி பிரித்தன. விண்டோஸ் கணிப்பொறிக்கு அம்முறை தெரியாது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் தட்டை அதில் மாட்டினால், ஏதோ வெற்றுத்தட்டு என்று எண்ணி, "ஆயத்தப்படுத்தட்டுமா?" என்று கேட்கும். அவசரப்பட்டு 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள். தட்டின் முதல் துண்டின் மேலேயே எழுதிவிடும்!

இதற்கு ஒரு வழி உண்டு. ஓர் உப்பளத்தை அப்படியே இன்னோர் இடத்தில் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கல்லிலிருந்து அடி அடியாக அளந்து, அங்கே மண் எவ்வளவு உயரமோ அவ்வளவே இங்கும் வைத்துக்கொண்டு போனால் போதும். வரப்பு, பாத்தி, வாய்க்கால் எல்லாம் தாமாகவே வந்துவிடும். அளப்பவருக்கு உப்புத்தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தட்டையும் இப்படியே 512 பைட் கொண்ட சிறு துண்டுகளாக, முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை படிக்கலாம். யூனிக்ஸ் முறைமையில் 1970-களிலேயே இருந்த 'டிடி' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. எது மூலம், எது பிரதி என்பதை மட்டும் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிச் சொன்னால் வெற்றுத்தட்டு மூலத்தின் மேல் படியெடுக்கப்பட்டுவிடும்.

500 கிகாபைட் தட்டில் இத்தகைய துண்டுகள் 97 கோடிக்கும் மேல். நொடிக்கு 100 மெகாபைட் வீதம் படித்தால் 5,000 நொடி, அதாவது ஏறத்தாழ 83 நிமிடம் ஆகும். காலிப் பாத்திகளையும் விடாமல் அளப்பதால்தான் இவ்வளவு நேரம். புதிய தட்டு பெரியதாக இருந்தால் மிஞ்சிய இடம் வரப்பில்லாத தரிசாகக் கிடக்கும். பெட்டி அதைத் தானாகப் பயன்படுத்தாது.

இனிமேல்தான் வேடிக்கை. அச்சுப் பிசகாமல் எடுத்த படியை எக்ஸ்பாக்ஸ் 360 ஏற்காது! அதன் தட்டில் ஒரு துண்டில் அந்தத் தட்டின் சொந்த வரிசை எண் மைக்ரோசாஃப்டின் முத்திரையோடு எழுதப்பட்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் படியெடுத்தால், புதிய தட்டு பழைய தட்டின் பெயரைச் சொல்லிப் பிடிபட்டுவிடும். இங்கே படி சரியாக இருப்பதே தோல்விக்குக் காரணம். இதற்காகவே, தட்டிலிருந்து தட்டுக்கு ஆட்டங்களை மாற்றத் தனி இணைப்புக் கம்பியை அந்நிறுவனம் விற்றது.

2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 வேறு வகையானது. தட்டை நாமே கழற்றி மாற்றலாம். அதற்கு அனுமதி உண்டு. ஆனால், எழுதுவதையெல்லாம் அந்தப் பெட்டிக்கே உரிய இரகசியத் திறவுகோலால் மறைத்து எழுதுகிறது. பக்கத்து வீட்டுப் பெட்டியில் மாட்டினால் அது வெறும் இரைச்சல்தான். ஆகவே, தட்டைக் கழற்றும் முன்பே, பெட்டியிலுள்ள காப்புப்படி வசதியைக் கொண்டு வெளித்தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் சேமித்துவிட வேண்டும். புதிய தட்டை மாட்டியதும் பெட்டி தானே பாத்தி பிரித்துக்கொள்ளும்; பிறகு சேமித்ததை மீட்டுக்கொள்ளலாம்.