மணவீட்டிற்கு ஒரு போத்தல் தேசிப் பானம்

பெரும்போக நெல் வீடு வந்து சேர்ந்தபின் கமக்காரர் இல்லங்களில் மங்கல காரியங்கள் தொடங்குகின்றன. பந்தல், சமையல், மேளம், கூறை, தாலி என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிடும் அவ்வேளையில், வந்தவர் வெறுங்கையுடன் திரும்பலாகாது என்னும் எண்ணமும் உடன் எழுகின்றது. வெற்றிலை பாக்குடனும் பலகாரத்துடனும் ஒரு சிறு அன்பளிப்பும் வழங்கும் வழக்கம் இன்று பரவி வருகின்றது. மங்கல வைபவங்களில் மதுவுக்கு இடமளியாத குடும்பங்கள் போத்தலில் அடைத்த இனிய பானம் ஒன்றைக் கொடுப்பதைப் பெரிதும் விரும்புகின்றன. கண்ணுக்கு அழகாகவும் எல்லா வயதினருக்கும் ஏற்றதாகவும் அது அமைகின்றது. ஆயினும் நூற்றுக்கணக்கான போத்தல்களைக் கடையில் வாங்கும்போது, ஒரு போகத்தின் மிச்சத்திலே பெரும்பகுதி அதற்கே சென்றுவிடக்கூடும்.

அதே வேளையில், வரண்ட வலயத்தில் தேசிமரம் உள்ள தோட்டங்களிற் காணப்படும் நிலை யாது? காய்ப்பு மிகுந்த காலத்தில் விலை வீழ்ந்து, சந்தைக்கு ஏற்றும் கூலியும் தேறாமற் பழங்கள் மரத்தடியிலேயே அழுகுகின்றன. வீணாகும் இப்பழத்தையும் மணவீட்டின் தேவையையும் ஒன்றுசேர்த்தால் இரண்டு கவலைகளும் ஒருங்கே தீரும்.

எவ்வகைப் பானம் ஏற்றது?

உடனே பருகக்கூடிய மென்பானத்தை வீட்டிற் செய்து அடைப்பது நன்றன்று. அதிற் சீனியும் புளிப்பும் குறைவாதலால், முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிடின் சில நாட்களிலேயே நொதித்துவிடும். கடையில் வாங்கும் சோடாவிலும் ஓர் இடர் உண்டு. கண்ணாடிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையுடன் விற்கப்படும் பானத்தை விருந்தினர் எடுத்துச் சென்றால், போத்தலுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது.

நீர் சேர்த்துப் பருகும் செறிந்த பழப்பானமே வீட்டிற் செய்வதற்கு ஏற்றது. கடைகளிற் கோடியல் என்று விற்கப்படுவது இவ்வினத்தைச் சேர்ந்தது. மிகுந்த சீனியும் மிகுந்த புளிப்பும் சேர்ந்து அதனைப் பழுதடையாமற் காக்கின்றன. 200 மில்லிலீற்றர் கொண்ட ஒரு சிறு போத்தல் நான்கு பங்கு நீருடன் சேரும்போது ஓர் இலீற்றர் பானமாகின்றது. ஒரு குடும்பம் முழுவதும் பருக அது போதும்.

ஆளுக்கு ஒன்றா, வீட்டிற்கு ஒன்றா?

செலவைக் குறைக்கும் முதல் வழி இக்கேள்வியிலேயே அடங்கியுள்ளது. ஏறத்தாழ 450 பேர் அழைக்கப்படும் ஒரு திருமணத்தை எடுத்துக்கொள்க. அவர்கள் 150 குடும்பத்தினராயின், ஆளுக்கொன்று வழங்க 450 போத்தல்களும் வீட்டிற்கொன்று வழங்க 150 போத்தல்களும் தேவைப்படும். செறிந்த பானம் வீட்டிற்கு எடுத்துச் சென்று பருகப்படுவதாதலால், குடும்பத்திற்கு ஒன்று கொடுப்பதில் எவருக்கும் குறை தோன்றாது.

150 போத்தல்களுக்கு வேண்டியவை

ஒரு போத்தலில் 200 மில்லிலீற்றர் வீதம் மொத்தம் 30 இலீற்றர் பானம் தேவை. அதன் எடை ஏறத்தாழ 36 கிலோகிராம் ஆகும். எடைப்படி சாறு 5 பங்கும், சீனி 9 பங்கும், நீர் 6 பங்கும் கொள்ளப்படும்.

தேசிச் சாறு: 9 கிலோகிராம்
சீனி: 16 கிலோ 200 கிராம்
நீர்: 10 கிலோ 800 கிராம்
பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று: 18 கிராம்

பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கும் என்று கணக்கிட்டால், 27 கிலோகிராம் பழம் வேண்டும். பழம் சாறற்றதாயின் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

செய்முறை

மஞ்சள் நிறம் ஏறத் தொடங்கிய, அழுகலும் வெடிப்பும் இல்லாத பழங்களைத் தெரிந்தெடுத்து நன்னீரிற் கழுவித் துடைத்தல் வேண்டும். துருப்பிடியாத கத்தியால் இரண்டாக வெட்டி, மெதுவாகப் பிழிதல் நன்று. தோலும் விதையும் நசுங்குமாறு பிழிந்தால் சாறு கைக்கும். பிழிந்த சாற்றைச் சுத்தமான மெல்லிய துணியில் வடித்துக்கொள்க. அலுமினியம், செம்பு, இரும்பு ஆகிய பாத்திரங்களைப் புளிப்புச் சாறு அரிக்கும். ஆதலால் துருப்பிடியா உருக்குப் பாத்திரத்தையே இவ்வேலைக்கு உபயோகித்தல் வேண்டும்.

சீனியையும் நீரையும் சேர்த்துக் கொதிக்க வைத்து, மேலே திரளும் அழுக்கை அகற்றி, துணியில் வடித்து, முற்றாக ஆறவிடுக. கொதிக்கும்போது ஆவியாகிய நீரின் அளவுக்குக் கொதித்தாறிய நீரைச் சேர்த்து எடையைச் சரிசெய்துகொள்க. தேசிச் சாற்றை அடுப்பில் வைத்தலாகாது. சூடேறினால் மணம் கெட்டுக் கைப்புண்டாகும். பாகு ஆறிய பின்னரே சாற்றைக் கலத்தல் வேண்டும்.

இறுதியாக, உணவுக்கென விற்கப்படும் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றைச் சிறிதளவு ஆறிய நீரிற் கரைத்துப் பானத்துடன் நன்கு கலக்குக. இது நொதித்தலைத் தடுக்கும் காப்புப் பொருளாகும். சூடான பாகில் இட்டால் இதன் பயன் ஆவியாகிப் போய்விடும். ஓர் இலீற்றருக்கு 0.6 கிராம் என்னும் அளவைச் சிறு தராசில் நிறுத்தே சேர்த்தல் வேண்டும். கரண்டி அளவையோ கண்மதிப்பையோ நம்புதல் கூடாது. குறைந்தால் பானம் கெடும். மிகுந்தால் உண்போர் நலம் கெடும். சரியாக நிறுக்கும் தராசு கிடையாத இடத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே மேல்.

போத்தலைப் பற்றிய எச்சரிக்கை

பூச்சிநாசினி, களைநாசினி, மண்ணெண்ணெய், எந்திர எண்ணெய் ஆகியவை இருந்த போத்தலை எக்காரணம் கொண்டும் எடுத்தலாகாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சின் மிச்சம் அதில் இல்லை என்று எவரும் உறுதி கூற முடியாது. கமக்காரர் வீடுகளில் இத்தகைய போத்தல்கள் கைக்கெட்டும் தூரத்திற் கிடப்பதாலேயே இதனை வற்புறுத்திக் கூற வேண்டியுள்ளது. ஒரு போத்தலின் விலையை மிச்சப்படுத்த எண்ணி, வாழ்த்த வந்த வீட்டாரின் குழந்தைக்கு நஞ்சூட்டும் நிலை நேரலாகாது. பழைய சாராயப் போத்தல் மணவீட்டு அன்பளிப்புக்கு அழகு தராது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய கண்ணாடிப் போத்தல்களே சிறந்தவை. அவற்றைச் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு கழுவி அலசுக. பின்னர் அடியிலே துணி விரித்த பெரிய பாத்திரத்திற் குளிர்ந்த நீருடன் வைத்துச் சூடாக்கி, 15 நிமிடம் கொதிக்கவிடுக. கொதிநீரிற் போத்தலை நேரே இட்டால் வெடித்துவிடும். எடுத்துக் கவிழ்த்து, ஈரம் வடிந்து ஆறிய பின் பானத்தை ஊற்றி, வாயிலிருந்து இரண்டு விரலளவு இடம் விட்டு, புதிய திருகுமூடியால் இறுக மூடுக. ஒரு நாள் முழுவதும் போத்தல்களைச் சாய்த்து வைத்தால் ஒழுகுபவை தெரிந்துவிடும்.

திருமணத்திற்கு மூன்று கிழமைகளுக்கு முன்னரே வேலையை முடித்து, வெயில் படாத குளிர்ந்த இடத்திற் போத்தல்களை வைத்தல் நன்று. அவ்விடைக்காலமே பானத்திற்குப் பரீட்சையாகும். குமிழி எழுதல், மூடி உப்புதல், புளித்த வாடை வீசுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அப்போத்தலை வழங்காது கொட்டிவிடுதல் வேண்டும். பல போத்தல்களில் இக்குறி தோன்றினால் முழுத் தொகுதியையும் விலக்குதலே முறை.

சீட்டில் எழுத வேண்டியவை

மணமக்களின் பெயருடன் பானத்தின் பெயர், சேர்ந்துள்ள பொருட்கள், செய்த திகதி, நீர் சேர்க்கும் அளவு ஆகியவற்றையும் போத்தலில் ஒட்டும் சீட்டிற் குறித்தல் வேண்டும். செய்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் பயன்படுத்துக என்றும், திறந்தபின் குளிரில் வைத்து விரைவில் முடிக்க என்றும் எழுதுக. சல்பைற்றுச் சேர்ந்துள்ளது என்னும் வரி மறக்கப்படலாகாது. தொய்வு நோயாளர் சிலருக்கு அது ஒவ்வாது. சீனி மிகுதி என்பதை நீரிழிவு உடையோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வேறு பழங்கள்

கொடித்தோடை, அன்னாசி, நெல்லி, விளாம்பழம் ஆகியவற்றிலிருந்தும் இத்தகைய பானம் செய்யலாம். ஆனால் காப்புப் பொருள் புளிப்பிலேயே நன்கு வேலை செய்யும். அன்னாசி போன்ற புளிப்புக் குறைந்த பழங்களுக்குச் சித்திரிக்கமிலம் சேர்த்தல் அவசியம். நாவல் போன்ற கருஞ்சிவப்புச் சாற்றின் நிறத்தைச் சல்பைற்று வெளுக்கச் செய்யும். பழத்திற்குப் பழம் அளவு மாறுமாதலால், தொடங்குமுன் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிதல் நன்று.

கணக்குப் பார்க்கும் விதம்

போத்தலும் மூடியும், சீனி, பழம், சீட்டும் விறகும் காப்புப் பொருளும் என நான்கு தலைப்புகளில் அன்றைய விலையை எழுதிக் கூட்டி, 150 ஆற் பிரித்தல் வேண்டும். தன் தோட்டத்துப் பழமாயினும், சந்தையிற் கிடைக்கக்கூடிய விலையைப் பழத்தின் பெயரில் எழுதுதலே நேர்மையான கணக்கு. இவ்வாறு எழுதிப் பார்ப்பவர், போத்தலும் சீனியுமே செலவிற் பெரும்பகுதி என்பதைக் காண்பர். போத்தலைச் சிறிதாக்கினாற் சீனி பாதியாகும். போத்தலின் விலை பாதியாகாது. ஒரே பருவத்தில் திருமணம் வைத்துள்ள குடும்பங்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்றுசேர்ந்து போத்தல்களை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தேசிக்காய் விலை ஏறியுள்ள மாதத்திற் கணக்குச் சாதகமாக இராவிடின், மலிந்த பழமொன்றை நாடுக. அல்லது கடைப் பானத்தை மொத்த விலைக்கு வாங்குக. கணக்கு எதைக் காட்டுகின்றதோ அதன்படி நடத்தலே விவேகம்.

அன்பளிப்பாகக் கொடுத்த பானத்தைச் சுவைத்தவர் விலைக்கும் கேட்கக்கூடும். விற்பனைக்குச் செய்வதாயின் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் விதிகள் பொருந்தும். அதன்பொருட்டுப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்னரே அணுகுதல் வேண்டும். பழம் பதனிடல் பற்றிய ஆலோசனைகளைக் கன்னொறுவையிலுள்ள திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவிலும், அனுராதபுரத்திலுள்ள தேசிய அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவகத்திலும் பெறலாம்.

கடன்பட்டு வாங்கிய பரிசு விருந்தினர் கையிற் சில நாட்களே இருக்கும். கடனோ அடுத்த போகம்வரை கமக்காரரைத் தொடரும். சொந்த மரத்துப் பழத்தைச் சுத்தமாகப் பிழிந்து, சரியாக நிறுத்து, புதிய போத்தலில் அடைத்துக் கொடுக்கும் குடும்பம் மணமக்களைக் கடனின்றி வாழ்வில் இறக்கிவிடும்.