வழித்துணை மாறும்போது

வாழ்க்கைத்துணை வேறு, வழித்துணை வேறு என்பதை நம் மொழி நெடுங்காலத்துக்கு முன்பே பிரித்து அறிந்திருக்கிறது. வேலூருக்கு அருகே விரிஞ்சிபுரத்தில் கோயில்கொண்டிருக்கும் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு மூட்டைகளோடு தனிவழி சென்ற வணிகன் ஒருவனுக்கு இறைவனே காவலாக உடன் வந்தான் என்பது அத்தலத்து வரலாறு. அவ்வணிகனோடு அவன் வாழ்நாள் முழுவதும் நடந்தான் என்று எவரும் சொல்லவில்லை. வழி உள்ளவரை வந்தான் என்றே சொல்கிறார்கள். நெடுந்தொலைவு சைக்கிளில் செல்ல விரும்பும் மாணவ நண்பர்கள் இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு பேர் ஒன்றாகப் புறப்பட்டால் நான்கு பேரும் ஒன்றாகவே திரும்பவேண்டும், இடையில் ஒருவர் பிரிந்தால் நட்பே முறிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சைக்கிள் பயண வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ரயிலில் செல்வோர் எல்லோரும் ஒரே வேகத்தில் செல்கிறார்கள். பேருந்திலும் அப்படியே. சைக்கிளில் மட்டும் அவரவர் கால்தான் அவரவருக்கு எஞ்சின். சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் இரு நண்பர்கள் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செங்குன்றம், காரனோடைப் பாலம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று சாலை நீள்கிறது. சுமையேற்றிய வண்டியில் ஒருவருக்கு மணிக்கு 18 கிலோமீட்டர் இயல்பான வேகம், மற்றவருக்கு 15. கேட்பதற்கு அற்ப வேறுபாடு. ஆனால் நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர் செல்வதாயின் முன்னவர் 5 மணி நேரத்தில் போய்ச் சேருவார். பின்னவருக்கு 6 மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது? ஒருவர் புளியமரத்தடியில் காத்திருந்து சலித்துக்கொள்வதில் போகிறது. இல்லையெனில் மற்றவர் தம் ஆற்றலுக்கு மீறி மிதித்து, மாலையில் முழங்கால் வலியோடு உட்காருவதில் போகிறது. பத்து நாளில் அது பத்து மணி நேரம் ஆகிவிடும். வழியில் மூளும் சண்டைகளுக்குத் தேநீர்க் காசோ இரவு தங்குமிடமோ காரணமாகச் சொல்லப்பட்டாலும், விதை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கு எதிரான உண்மையும் ஒன்று உண்டு. சைக்கிள் ஓட்டுபவன் சமதரையில் பெரும்பாலும் போராடுவது காற்றோடு. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். முன்னே ஒருவர் செல்ல, அவர் முதுகின் நிழல்போல் நெருங்கிச் செல்பவருக்கு அத்தடை பெரிதும் குறைகிறது. எதிர்க்காற்று வீசும் நாளில் இதன் அருமை நன்கு புலப்படும். பழவேற்காட்டு ஏரியில் கூழைக்கடாக்கள் வரிசை கலையாமல் பறப்பதைப் பொன்னேரிப் பக்கத்து மாணவர்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளைக் கூழைக்கடாக்களை ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, அணிவகுத்துப் பறக்கும் பறவையின் இதயத் துடிப்பு தனித்துப் பறக்கும் பறவையின் துடிப்பைவிடக் குறைவு. ஆகவே துணை வேண்டும். ஆனால் ஏறத்தாழ ஒத்த வேகமுள்ள துணை வேண்டும். எல்லாத் துணையும் எல்லா வழிக்கும் பொருந்தாது என்பதற்கு இயற்கை தரும் விளக்கம் இது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானவாலா, நரிமான் கபாடியா என்பன அவர்களுடைய பெயர்கள். ஒரே உடற்பயிற்சிக் கழகத்தில் எடை தூக்கிப் பழகியவர்கள். உடல் வலிமையில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் பாரசீகத்தின் தலைநகரான தெஹரானை அடைந்தபோது கபாடியா, சொந்தக் காரணங்களுக்காக ஊர் திரும்பினார். எஞ்சிய ஐவர் மெசப்பொட்டேமியப் பாலைவனத்தைக் கடந்து, ஐரோப்பாவைக் கடந்து, அமெரிக்கா சேர்ந்தனர். அங்கே ஹாதிராமுக்கு அந்த நாடு பிடித்துவிட்டது; தங்கிவிட்டார். போச்கானவாலாவும் அதற்குமேல் குழுவோடு செல்லவில்லை. ஜப்பான், கொரியா, சீனா, இந்தோசீனா, சயாம், பர்மா ஆகிய நாடுகளின் வழியே பயணத்தை நிறைவேற்றி, 1928 மார்ச்சில் பம்பாய் மீண்டவர்கள் மூவர். ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். நான்கு ஆண்டு ஐந்து மாதம். அவர்கள் எழுதிய நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை வழங்கினார்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வெற்றி பெற்ற மூவரையே பாராட்டுவது வழக்கம். நான் கபாடியாவையும் எண்ணிப் பார்க்கிறேன். தெஹரான் வரை மலையும் மணலும் கடந்து வந்தவர் அவர். மனம் வீட்டின்மேல் சென்றுவிட்ட பிறகு, தோழர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தால் மட்டும் அவர் பாலைவனத்துக்குள் நுழைந்திருந்தால், அது அவருக்கும் நல்லதன்று, மற்ற ஐவருக்கும் நல்லதன்று. தண்ணீர் அளவாகக் கிடைக்கும் இடத்தில் அரைமனத்தோடு வரும் துணை ஒரு சுமை. பெருநகரில், திரும்பிச் செல்ல வழியுள்ள இடத்தில், அவர் பிரிந்தார். எங்கே பிரிந்தார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான கதை பிராம்ரோஸ் தாவர் என்பாருடையது. அவரும் பம்பாய்க்காரர். 1924-இல் தனியாகவே புறப்பட்டார். வியன்னா நகரம் வரை அவருக்குத் துணையில்லை. அங்கே குஸ்தாவ் என்னும் ஆஸ்திரிய நாட்டுச் சைக்கிள் வீரரைச் சந்தித்தார். நாடு வேறு, தாய்மொழி வேறு, உணவு வேறு. ஆயினும் இருவரும் இணைந்தனர். சகாராப் பாலைவனத்தையும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையையும் அமேசான் காட்டையும் ஒன்றாகவே கடந்தனர். தாவர் ஊர் திரும்பியபோது ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. ஒரே கழகத்தில் பழகியவர்கள் பாதிவழியில் பிரிய, வழியில் கண்டவர் இறுதிவரை வந்தார்! ஊரில் நல்ல நண்பராயிருப்பவர் சாலையிலும் நல்ல துணையாவார் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. பின்னதை அறியச் சாலைதான் இடம்.

வங்காளத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1926 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து நால்வர் புறப்பட்டனர். அவர்களுள் பிமல் முகர்ஜி 1937-இல் உலகைச் சுற்றித் திரும்பியபோது, உடன் புறப்பட்ட மூவரும் உடன் இல்லை.

அப்படியானால் தனியே போய்விடலாமே, யாரோடும் பிணக்கு வராதே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க நாட்டுப் பிராங்க் லென்ஸ் என்ற இளைஞர் அவ்வாறுதான் 1892-இல் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து புறப்பட்டார். ஜப்பான், சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் அனைத்தையும் தனியே கடந்தார். 1894-இல் பாரசீகத்தின் தெப்ரீஸ் நகரை விட்டுத் துருக்கியின் எர்சுரூம் நகரை நோக்கிச் சென்றவர் அங்கு வந்து சேரவில்லை. அவர் எங்கே, எந்த நாளில் மறைந்தார் என்று சொல்ல உடன் ஒருவரும் இல்லாமையால், செய்தி வெளியே தெரியவே பல மாதங்கள் ஆயின. மறு ஆண்டு அவரைத் தேடிச் சென்றவர் வில்லியம் சாக்ட்லபென். இவர் தாமஸ் ஆலன் என்ற கல்லூரித் தோழரோடு, 1890-இல் பட்டம் பெற்ற மறுநாளே பயணம் தொடங்கி, கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து பீக்கிங் வரை ஆசியாவைக் கடந்தவர். இருவரும் பயணத்தை ஒன்றாகவே முடித்தனர். அத்தகைய துணை அரிது, ஆனால் உண்டு. லென்ஸ் வழியில் கொல்லப்பட்டார் என்பதே சாக்ட்லபென் கண்ட முடிவு, உடல் கிடைக்கவில்லை.

இக்காலத்தில் கைப்பேசி இருக்கிறது, வழிகாட்டும் வரைபடம் இருக்கிறது. ஆயினும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிச் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையில் ஒருவன் விழுந்துவிட்டால், கைப்பேசியை எடுக்க ஒரு கை வேண்டும்; அந்தக் கை அவனுடையதாக இருக்க முடியாமலும் போகலாம். ஆகையால் துணை மாறும்போது நடுவே எவ்வளவு தூரம் தனியாகச் செல்ல நேரிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பிரிவதாயின் ரயில் நிலையமும் மருத்துவமனையும் உள்ள ஊரில் பிரிவது முறை. நடுக்காட்டில் கோபத்தோடு பிரிவது முறையன்று. பிரிந்த செய்தியை இரு வீட்டாருக்கும் அன்றே தெரிவித்துவிட வேண்டும். ‘உங்கள் மகன் என் மகனோடுதான் இருக்கிறான்’ என்று ஒரு தாய் மற்றொரு தாயிடம் சொல்லிக்கொண்டிருக்க, இருவரும் இரு மாநிலங்களில் இருப்பது மிக ஆபத்தானது.

புறப்படும்போது செய்துகொள்ளும் உறுதிமொழி பற்றியும் சொல்ல வேண்டும். திருவள்ளூரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையில் உள்ள ஊன்றீசுவரர் கோயில், பழைய திருவெண்பாக்கத்துக் கோயில். 1940-களில் நீர்த்தேக்கம் எழுந்தபோது இங்கே மாற்றி அமைக்கப்பட்டது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழமரத்தடியில் சபதம் செய்தார். பின்னர்த் திருவாரூர் நினைவு மேலிடவே எல்லையைக் கடந்தார், கண்ணொளி போயிற்று. தடுமாறி வந்த அவருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஓர் ஊன்றுகோல் அளித்தான். பெரியபுராணம் அதைப் பக்தியின் கதையாகச் சொல்கிறது, அப்படியே கொள்வோம். பயணத்துக்கு வேண்டிய அளவில் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே: காக்க முடியாத சபதத்தைத் தொடக்கத்தில் செய்யாதீர்கள். ‘இறுதிவரை பிரியோம்’ என்பதற்கு மாறாக, ‘நெல்லூர் வரை ஒன்றாகச் செல்வோம், அங்கே உட்கார்ந்து பேசி, மேலே முடிவு செய்வோம்’ என்று சொல்லிக்கொள்வது உண்மையானது. அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் விஜயவாடா வரையும் மகிழ்ச்சியாகச் சென்றுவிடக்கூடும்.

சிறு பொருள்களை மறந்துவிடக் கூடாது. நால்வருக்கு ஒரே காற்றடிக்கும் பம்பு, ஒரே ஒட்டுப்பெட்டி, ஒரே திருகுசாவி என்று சிக்கனமாகப் புறப்படுவார்கள். அவை எவர் பையில் இருக்கின்றனவோ அவர் பிரிந்தால், மற்ற மூவரும் முதல் முள்ளிலேயே நிற்பார்கள். டியூப் ஒட்டும் சாமான் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். பொதுப் பணம் போட்டிருந்தால் அன்றன்று இரவு எழுதி வைக்க வேண்டும். பிரிகிறவருக்கு அவர் பங்கை எண்ணிக் கொடுத்து, ஒரு வேளை உணவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினால், ஊர் திரும்பிய பிறகு அவரே உங்களைப் பற்றி நல்ல சொல் சொல்வார்.

புதிய துணையைச் சேர்த்துக்கொள்வதிலும் பதற்றம் கூடாது. முதலில் அடுத்த ஊர் வரை. அவர் எப்போது எழுகிறார், வெயிலில் எவ்வளவு நேரம் தாங்குகிறார், இரவில் சாலையில் செல்ல வற்புறுத்துகிறாரா, செலவுக்கு அவரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு பகலில் தெரிந்துவிடும். வெட்கப்படாமல் கேட்கலாம், அவரும் உங்களைக் கேட்கட்டும்.

வெளியூர் செல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்க இப்பகுதி மாணவர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 90. அதாவது நெடும்பயணத்தில் ஒரு முழு நாளைய தொலைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பயணத்தில் எவ்வளவு சுமை ஏற்றுவீர்களோ அவ்வளவும் ஏற்றிக்கொண்டு, உடன் வருவதாகச் சொன்ன எல்லோரும் புறப்படுங்கள். போகும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் போவீர்கள். திரும்பும்போது, செங்குன்றத்து வெயிலில், யார் யாரோடு பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள்.