ஒரே சான்றிதழ், பல தளங்கள்: பூட்டுக்குப் பின்னால் இருப்பவர் யார்?

கிளைக்கு வரும் வாடிக்கையாளர் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகே உள்ளே நுழைகிறார். இணையத்தில் அந்தப் பலகையின் இடத்தில் இருப்பது தளத்தின் முகவரி. அந்த முகவரிக்கு உரிய சர்வருடன்தான் நாம் பேசுகிறோம் என்பதற்கு உறுதி அளிப்பது பாதுகாப்புச் சான்றிதழ். தளத்தின் பெயர், சான்றிதழை வழங்கிய அமைப்பு, காலாவதி நாள், தகவலை மறைகுறியாக்கத் துணைபுரியும் பொதுத் திறவுகோல் ஆகியவை அதில் இருக்கும். அதற்கு இணையான தனித் திறவுகோல் சர்வருக்குள் இரகசியமாகக் காக்கப்படும்.

அண்மைக் காலமாக வாடிக்கையாளர் சிலருக்கு ஓர் ஐயம் எழுகிறது. ஒரு தளத்தின் சான்றிதழைத் திறந்து பார்த்தால், அதில் வேறு பல தளங்களின் பெயர்களும் காணப்படுகின்றன. இது மோசடியா?

பெரும்பாலும் இல்லை. ஒரே சர்வரில் பல தளங்கள் இயங்குவது வழக்கமே. முன்னர், எந்தத் தளம் வேண்டும் என்பதை உலாவி சொல்வதற்கு முன்பே சர்வர் சான்றிதழை நீட்ட வேண்டியிருந்தது. ஆகவே, ஓர் ஐ.பி. முகவரிக்கு ஒரு சான்றிதழ் என்ற நிலை இருந்தது. 2003இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.ஐ. என்னும் நெறிமுறை அந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது. தொடர்பின் தொடக்கத்திலேயே உலாவி தளத்தின் பெயரைக் கூறிவிடுவதால், ஒரே சர்வர் ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனிச் சான்றிதழைக் காட்ட முடிகிறது.

ஒரே சான்றிதழைப் பகிர்ந்துகொள்ளவும் இரண்டு வழிகள் உண்டு. பல பெயர்களை ஒரே சான்றிதழில் பட்டியலிடுவது ஒன்று. நட்சத்திரக் குறியிட்ட வைல்ட்கார்டு சான்றிதழைப் பெறுவது மற்றொன்று. பின்னது ஒரு பெயரின்கீழ் வரும் துணைத் தளங்கள் அனைத்திற்கும் பொருந்தும்; ஆனால் ஒரு படிநிலைக்கு மட்டுமே. நாம் திறந்த முகவரி இந்தப் பெயர்களில் அடங்குகிறதா என்பதையே உலாவி சரிபார்க்கிறது. அடங்கவில்லை எனில் எச்சரிக்கை தோன்றும். அத்தகைய எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லை உள்ளிடுதல் ஒருபோதும் கூடாது.

சொந்தமாக இணையதளம் நடத்தும் தொழில்முனைவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சான்றிதழைப் பகிரும்போது தனித் திறவுகோலும் பகிரப்படுகிறது. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் மென்பொருள் குறைபாடு, சர்வரின் நினைவகத்திலிருந்து அத்தகைய திறவுகோல்களே கசியக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது. ஒரு திறவுகோல் கசிந்தால், அச்சான்றிதழை நம்பியுள்ள எல்லாத் தளங்களும் ஒருசேர ஆபத்துக்குள்ளாகும். புதுப்பிக்க மறந்தால், எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் எச்சரிக்கை எழும். ஆகவே, விளம்பரப் பக்கங்களுக்கு ஒரே சான்றிதழ் போதுமானதாயினும், பணம் செலுத்தும் பக்கத்திற்குத் தனிச் சான்றிதழும் தனித் திறவுகோலும் வைத்திருப்பதே நன்று.

புதுப்பிக்கும் பணியும் இனி அடிக்கடி வரும். 2020 முதல் 398 நாட்களாக இருந்த அதிகபட்சச் செல்லுபடிக் காலம், 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் எனப் படிப்படியாகக் குறைக்கப்பட முடிவு செய்யப்பட்டுள்ளது. எனவே தானியங்கிப் புதுப்பிப்பு முறையை இப்போதே அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று. முகவரியின் உரிமையாளர் நேர்மையானவர் என்று சான்றிதழ் கூறுவதில்லை. மோசடிக்காரரும் தம் பெயரில் ஒரு முகவரியை வாங்கி, அதற்குச் செல்லத்தக்க சான்றிதழை இலவசமாகவே பெற இயலும். பூட்டுச் சின்னத்தைப் பலர் நம்பகத்தன்மையின் முத்திரை எனத் தவறாகக் கருதியதால், குரோம் உலாவி 2023இல் அச்சின்னத்தையே முகவரிப் பட்டையிலிருந்து நீக்கியது.

இந்தச் சூழலில்தான் இந்திய வங்கிகளுக்கென 'பேங்க் டாட் இன்' என்னும் தனி முகவரியை 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்றும் பணித்தது. வங்கிகளுக்கு மட்டுமே இம்முகவரி வழங்கப்படுகிறது.

தளத்தின் பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள். சாய்வுக்கோட்டிற்கு முன்னால் 'பேங்க் டாட் இன்' என்று முடிந்தால் அது வங்கிக்குரியது. 'பேங்க் டாட் இன்' நடுவில் வந்து, இறுதியில் வேறொரு பெயரும் 'டாட் காம்' என்பதும் இருந்தால், அந்தத் தளம் அந்த வேறொரு பெயருக்கு உரியவருடையது. அதன் சான்றிதழ் எவ்வளவு சரியாக இருந்தாலும் சரியே.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள், கிளைக்கும் தெரிவியுங்கள். பணத்தை மீட்பதில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. தொடர்பு பாதுகாப்பானதா என்பதை உலாவி பார்த்துக்கொள்ளும். தொடர்பின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.